அந்த ஊசி காரணமில்லை, கண்ணு

கண்ணு,

உன் முதுகுவலிக்கு எடுத்து நீ அனுப்பிய எம்ஆர்ஐ ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டை அனுப்பியவள் அதோடு ஒரு வரி எழுதக் கூடாதா? போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், "தூங்குறா அத்தை" என்கிறார். பகல் 12 மணிக்கா? சரி, இருக்கட்டும்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உன் மாமியார் சொல்வதை நீயும் நம்புகிறாயாம். பிரசவ வார்டு நர்ஸ் பெற்ற பெண் நீ! அந்த ஊசியைத் தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் போடுவார்கள், மருந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடும், குத்திய இடம் கொஞ்ச நாள் வலிக்கலாம். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நாள்பட்ட முதுகுவலியில் வித்தியாசமே இல்லை. உனக்கு ஏழாம் மாதத்திலேயே இடுப்பு வலித்ததே, வளைகாப்பன்று மணையில் உட்கார முடியாமல் தவித்தாயே, அப்போது எந்த ஊசி போட்டார்கள்?

அப்புறம் அந்தத் தேய்மானம். முதுகுவலியே இல்லாத மூவாயிரம் பேருக்கு மேல் எடுத்த ஸ்கேன்களை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். முப்பது வயதில் 52 சதவீதம் பேருக்குத் தேய்மானம், 40 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். தலை நரைக்கிற மாதிரி அது. அதைப் படித்துவிட்டு முதுகு போச்சு என்று படுத்தால், படுப்பதுதான் வலியை வளர்க்கும். படுக்காதே. பாப்பாவைத் தூக்காதே என்கிறார்களாம், தையல் எப்போதோ ஆறிவிட்டது, தாராளமாகத் தூக்கு. ஜில்லா அளவில் நீளம் தாண்டியவள் நீ, அந்தக் கோப்பையை அப்பா இன்னும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார், ஆறு கிலோ பிள்ளைக்கு உன் முதுகு உடைந்துவிடாது. வாயு, சூடு, தரையில் படு, பெல்ட் கட்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997இல், முதுகுவலிக்குப் படுத்துக் கிடக்காதீர்கள் என்று டிவியிலேயே விளம்பரம் போட்டார்கள், ஜனங்கள் மட்டுமில்லை, டாக்டர்கள் எண்ணமும் மாறியது. ஆகவே நட, படுக்காதே.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, உனக்கே தெரியாமல் சிறுநீர் போனாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

தூக்கம் இல்லாவிட்டாலும் மனசு சரியில்லாவிட்டாலும் முதுகுவலி கூடும், அதை எந்த ஸ்கேனும் காட்டாது. ராத்திரி பாப்பா அழுதால் யார் எழுந்திருக்கிறார்கள்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சும்மா இருக்கும்போது அழுகை வருகிறதா? பிள்ளை பெற்றவர்கள் பலருக்கு வருவதுதான், வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல், வைத்தியம் இருக்கிறது. மாப்பிள்ளை நல்லவர்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் போனை நீ எடு.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை அப்புறம் விவரமாக எழுதுகிறேன். அடுத்த மாதம் நான் புனே வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, அப்பா சாப்பாட்டுக்குச் சித்தி வீட்டில் சொல்லியாச்சு.

அம்மா