இரவில் பில் சேமிக்கும்போது சர்வர் ஏன் நின்றது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கடை மூடும் நேரத்தில் 'சேமி' பொத்தானை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் எல்லாம் மடமடவென்று ஓடுகிறது என்று உங்களில் பலர் சொன்னீர்கள். காரணம் பிடிபட்டது, சரியும் செய்துவிட்டோம்.

அந்த நேரத்தில் சிபியு கிட்டத்தட்ட சும்மாதான் இருந்தது. லோடு, அதாவது ஓடும் வேலைகளும் காத்திருக்கும் வேலைகளும் சேர்ந்த எண்ணிக்கை, மட்டும் ஏறிக்கொண்டே போனது. டேட்டாபேஸ் புராசஸ்கள் 'டி' நிலையில், அதாவது டிஸ்க்குக்காகக் காத்துக் கிடந்தன.

எங்கள் சர்வரை இயக்கும் லினக்ஸில் எழுதுவது பெரும்பாலும் முதலில் மெமரியில் நிற்கும். பின்னணியில் டிஸ்க்கில் இறங்கும். இயல்பு அமைப்பில், அப்படி நிற்பது கையிருப்பு மெமரியில் 10 சதவீதத்தைத் தாண்டினால் இறக்கும் வேலை சூடுபிடிக்கும். 20 சதவீதத்தை நெருங்கினால், எழுதும் புரோகிராம்களையே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நிறுத்தி வைக்கும். 64 ஜிபி மெமரியில் அது ஏறக்குறைய 12 ஜிபி. நொடிக்கு 150 எம்பி எழுதும் ஹார்டு டிஸ்க்குக்கு அதை இறக்கவே 80 விநாடி வேண்டும். அந்த நேரத்தில் ஓடும் பேக்கப்பின் கோப்பு, வெளியே அனுப்புமுன் அதே டிஸ்க்கில்தான் தயாராகிறது. அது நிரப்பிய வரிசையில் உங்கள் சின்னப் பில்லும் மாட்டிக்கொண்டது.

மெமரியைக் கூட்டினால் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சதவீதக் கணக்கில் மெமரி கூடக் கூட, தேங்குவதும் கூடும்.

ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு நேரடி அளவு வைத்திருக்கிறோம்: 256 எம்பி சேர்ந்தாலே இறக்கத் தொடங்கும், உச்சவரம்பு 1 ஜிபி. பேக்கப் எழுதும் வேகத்துக்கும் கடிவாளம் போட்டாயிற்று. பல ஜிபி காட்டிய 'டர்ட்டி' கணக்கு, அதாவது டிஸ்க்கில் இறங்காமல் மெமரியில் நிற்கும் அளவு, இப்போது அந்த வரம்புக்குள் நிற்கிறது. பேக்கப் முடிய முன்பைவிட நேரமாகிறது. உங்கள் பில் நிற்காமல் போவதுதான் எங்களுக்கு முக்கியம்.

'சேமிக்கப்பட்டது' என்று வந்த பில் எதுவும் தொலையவில்லை. டேட்டாபேஸ் டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்த பிறகே அந்தச் செய்தி வரும். சுற்றும்போது மறுபடி பொத்தானை அழுத்தியவர்கள் மட்டும், ஒரே பில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா என்று ஜிஎஸ்டி தாக்கலுக்கு முன் பார்த்துவிடுங்கள்.

இனியும் எங்காவது நின்றால், நேரத்தை நிமிடத்தோடு குறித்து அனுப்புங்கள். லாகில் அந்த இடத்தை உடனே எடுத்துப் பார்க்கிறோம்.

அன்புடன்,
சர்வர் பராமரிப்புக் குழு