போத்தல் மூடிகள் தனியாகவும் விற்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தில் தேசிக்காய் ஊறுகாய், மாங்காய்ச் சட்னி, விளாம்பழ ஜாம் போன்றவற்றை வீட்டில் தயாரித்து, போத்தலில் அடைத்து, அயலிலும் சந்தையிலும் விற்றுவரும் பெண்கள் பலர் உள்ளனர். அவர்களுக்குப் பயிற்சி அளிப்பதில் அரச அலுவலகங்களும் தொண்டு நிறுவனங்களும் காட்டும் அக்கறை பாராட்டுக்குரியது. ஆயினும், செய்த பண்டத்தை எந்தப் போத்தலில் அடைப்பது, அதற்குரிய புதிய மூடியை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு, பயிற்சி முடிந்து வெளியே வரும் பெண்ணுக்கு இன்றுவரை தெளிவான பதில் கிடைப்பதில்லை. மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற வகையில், இதனைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பொறுப்பானவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஜாம், சோஸ், கோப்பி வந்த பழைய கண்ணாடிப் போத்தல்களை வீட்டிலும் உறவினரிடமும் சேர்த்து, போதாதவற்றைப் பழைய போத்தல் வியாபாரிகளிடம் வாங்கி, கழுவி, அவித்துப் பயன்படுத்துவதே இங்கு வழக்கமாக உள்ளது. கண்ணாடியைப் பொறுத்தவரை இதில் தவறில்லை. விளிம்பு சிதையாத, உடலில் வெடிப்பில்லாத போத்தலை 10 நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும். தொல்லை முழுவதும் மூடியில்தான் இருக்கிறது. பல நிறுவனங்களின் போத்தல்கள் கலந்து கிடக்கும்போது, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் வாய்கள் உண்மையில் 63, 66, 70 மில்லிமீற்றர் என வேறுபடுகின்றன. ஒன்றின் மூடியை மற்றதில் வைத்தால் பொருந்தியதுபோல் இருக்கும், ஆனால் இறுகாது.

மூடி ஏன் புதிதாக இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் நன்றாகக் கழுவினால் போதும் என்று எண்ணுபவர்களே அதிகம். தகர மூடியின் உட்புறத்தில், போத்தலின் விளிம்பு படும் இடத்தில், இறப்பர் போன்ற மெல்லிய வளையம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். சூடான ஜாமை நிரப்பி மூடியவுடன் அந்த வளையம் வெப்பத்தால் இளகி, விளிம்பின் வடிவத்தை அப்படியே தன்மேல் பதித்துக்கொள்கிறது. மேலே இருந்த காற்றை நீராவி வெளியே தள்ளிவிட, ஆறும்போது அந்த நீராவி மீண்டும் நீராகி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடி கீழ்நோக்கி இழுபடுகிறது. மூடியின் நடுப்பகுதி உட்குழிந்து, விரலால் அழுத்தினாலும் அசையாமல் நிற்பதே நன்றாக மூடப்பட்டதற்கு அடையாளம். ஒரு தடவை பதிந்த வளையம் மறுதடவை வேறொரு போத்தலின் விளிம்பில் சரியாகப் படியாது. மேலும், பழைய மூடியின் உட்பூச்சு கரண்டியாலோ கத்தியாலோ கீறப்பட்டிருந்தால், ஊறுகாயின் உப்பும் புளிப்பும் அந்தக் கீறல் வழியே தகரத்தை அரித்துவிடும். கடற்காற்று வீசும் நம்முடைய ஊர்களில் வெளிப்புறமும் விரைவாகத் துருப்பிடிக்கிறது. துருவேறிய மூடியைக் கண்டால் எவ்வளவு நல்ல ஊறுகாயையும் வாங்குபவர் வைத்துவிட்டுப் போய்விடுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மாற்றாகக் கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, அழகுக்காக விற்கப்படும் கைப்பிடி வைத்த போத்தல்கள். இவற்றின் விலை உள்ளே இருக்கும் பண்டத்தின் விலையையே விழுங்கிவிடும். மூடியில் குழாய் நுழைக்கத் துளையிட்டவையும் இவற்றில் உண்டு. மற்றது பிளாஸ்டிக் போத்தல். சாதாரண பெற் (PET) வகைப் பிளாஸ்டிக் 70 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும், ஜாமையோ அதனிலும் கூடிய சூட்டில் அடைக்க வேண்டும். ஆறிய எண்ணெய் ஊறுகாய்க்கு வேண்டுமானால் அது உதவலாம்.

1858 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோன் லான்டிஸ் மேசன் என்பவர் திருகுமூடிக் கண்ணாடிப் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நாட்டில் வீட்டுப் பாவனைக்கான போத்தல்களின் வாய் பின்னர் பெரும்பாலும் 70, 86 மில்லிமீற்றர் என்ற இரண்டு அளவுகளில் நிலைபெற்றது. அங்கு மூடி இரண்டு துண்டுகளாக வருவதால், வெளியே உள்ள திருகு வளையம் திரும்பப் பயன்பட, அதனுள் வைக்கும் தட்டை மூடியை மட்டும் பன்னிரண்டு கொண்ட பெட்டியாகத் தனியே வாங்க முடிகிறது. போத்தல் ஒரு தடவைச் செலவு, மூடி மட்டுமே தொடர் செலவு என்ற இந்த ஏற்பாடு இங்கும் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்கு அந்நாட்டுப் போத்தல்களை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கண்ணாடிப் போத்தல் செய்யும் தொழிற்சாலை நம் நாட்டிலேயே ஹொரணையில் இருக்கிறது. தொழிற்சாலைகளும் மொத்த வியாபாரிகளும் பெருந்தொகையாகவே விற்பார்கள், ஐம்பது போத்தல் தேவைப்படும் ஒரு பெண்ணால் அங்கே போய் நிற்க முடியாது. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஏற்றிவரும்போது ஏற்படும் உடைவையும் அவளால் தாங்க முடியாது.

இந்த இடைவெளியைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நிரப்பலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் தேவையைப் பிரதேச செயலகங்கள் பருவத்துக்கு முன்பே கேட்டறிந்து ஒன்றுசேர்த்துக் கொடுத்தால், களுவாஞ்சிக்குடி, செங்கலடி, வாழைச்சேனை போன்ற இடங்களிலுள்ள கூட்டுறவுக் கடைகள் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்க முடியும். படுவான்கரையில் உள்ளவர்கள் ஒரு பெட்டி மூடிக்காக வாவியைக் கடந்து நகரத்துக்கு வரவேண்டிய நிலையும் குறையும்.

நல்ல மூடி கிடைத்தால் எதையும் அடைக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கடல்மட்டத்தில் வாழும் நமக்கு, மூடிய ஜாம் போத்தலை அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்குமாறு அமிழ்த்தி 10 நிமிடம் கொதிக்கவிடுவது போதும். இது புளிப்புள்ள பண்டங்களுக்கு மட்டுமே பொருந்தும். பப்பாசிப் பழத்தில் புளிப்புக் குறைவு, ஆகவே தேசிக்காய்ச் சாறு போதியளவு சேர்க்காமல் அதை அடைக்கக் கூடாது. இறால், மீன், இறைச்சி, மரக்கறி ஆகியவற்றைக் கொதிநீரில் மட்டும் அவித்து அடைத்துவைப்பது உயிராபத்தானது. அமில அளவைக் காட்டும் pH பெறுமானம் 4.6 க்கு மேற்பட்ட, அதாவது புளிப்புக் குறைந்த உணவில், காற்றில்லாத போத்தலுக்குள் பொற்றுலிசம் என்னும் நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். அதன் வித்துக்கள் 100 பாகையில் சாவதில்லை. நிறமோ மணமோ மாறாமலே உணவு நஞ்சாகியிருக்கலாம். வாவி இறாலைப் போத்தலில் அடைத்து விற்க நினைப்பவர்கள் குளிரூட்டியை நம்புவதே நல்லது.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடமையாற்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீட்டு உற்பத்திகளைப் பார்வையிடும்போது சுட்டுத்துண்டுடன் மூடியையும் பார்த்து அறிவுரை கூறினால் பேருதவியாக இருக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் முதற்கட்டமாக 63, 70 மில்லிமீற்றர் அளவுகளில் மட்டும் போத்தல்களை வாங்கி, மூடிகளைப் பன்னிரண்டு கொண்ட பொதிகளாகத் தனியே விற்று, ஒவ்வொரு பொதியிலும் வாயின் அளவைத் தமிழில் பெரிதாக அச்சிட வேண்டும் என்றும், அடுத்த மாங்காய்ப் பருவத்துக்கு முன்னர் அவை கடைகளுக்கு வந்துசேர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை மனையியல் ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.