எப்போதிருந்து தெரியும்?

தோ பாயோ,
சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் முழங்கால் வலி குறைந்து, மாலையில் கடற்கரைவரை நடந்துவிட்டு வருகிறாய் என்று படித்ததும் மனம் லேசானது. இங்கே எல்லாரும் நலம். பேரன் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். காலையில் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு, திரும்பும் வழியில் காப்பிக்கடையில் அரைமணி நேரம் உட்கார்வது என் வழக்கமாகிவிட்டது.

பதில் எழுதத் தாமதமானதற்கு ஒரு நாடகம்தான் காரணம். ஓய்வுபெற்ற நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை கூடி நாடகம் வாசிப்பது உனக்குத் தெரியும். இம்முறை ஆங்கில நாடகாசிரியர் ஹாரல்ட் பின்ட்டரின் 'பிட்ரேயல்' (துரோகம்). 1978இல் லண்டனில் மேடையேறியது. வாசிப்பதற்காக நாங்களே அதைத் தமிழில் எழுதிக்கொண்டோம். கணவன் ராபர்ட்டின் வசனங்கள் என் பங்குக்கு வந்தன.

ராபர்ட்டின் மனைவி எம்மா. ஜெரி அவனுடைய உயிர் நண்பன், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். எம்மாவும் ஜெரியும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஏழு ஆண்டுகள் பகல் வேளைகளில் சந்திக்கிறார்கள். நாடகம், எல்லாம் முடிந்துபோன 1977இல் தொடங்கி, பின்னோக்கி நடந்து, 1968இல் ஜெரி முதன்முதலாகத் தன் ஆசையைச் சொல்லும் இரவில் நிற்கிறது. அகப்பட்டுக்கொள்வார்களா என்ற பதைப்புக்கே அதில் இடமில்லை. யாருக்கு, எப்போது தெரியும் என்பதுதான் ஒவ்வொரு காட்சியிலும் நெஞ்சை அறுக்கிறது.

பள்ளியில் நாம் போட்ட கோவலன் நாடகம் நினைவிருக்கிறதா? கோவலன் மாதவியோடு இருப்பது புகார் நகரம் முழுவதும் தெரிந்த செய்தி. கண்ணகிக்கும் தெரியும். மாதவிக்குக் கொடுக்கத்தான் பொருள் இல்லாமல் வந்து நிற்கிறான் என்று நினைத்து, சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். அந்த வீட்டில் துயரம் உண்டு, ஒளிவுமறைவு இல்லை. பின்ட்டரின் வீட்டிலோ அறிந்தவர்கள் அறியாதவர்களைப்போல் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்கிறார்கள்.

வெனிஸ் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. 1973. விடுமுறைக்குப் போன இடத்தில், எம்மாவுக்கு வந்திருக்கும் கடிதத்தின் உறையில் ஜெரியின் கையெழுத்தை ராபர்ட் பார்த்துவிடுகிறான். கத்தவில்லை. சுற்றிவளைத்துப் பேசிப்பேசி அவளையே சொல்ல வைக்கிறான். நடுவில், கடிதத்தில் தனக்கு ஏதாவது செய்தி சொல்லியிருக்கிறானா என்று கேட்கிறான். இல்லை என்கிறாள். அந்த இடத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை, சேகர். மனைவி போய்விட்டாள் என்று தெரிந்த நேரத்திலும் அவன் நண்பனைத் தேடுகிறான்!

ஊர் திரும்பியதும் ஜெரியோடு உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கிறான், நாவல்கள்மீது எரிந்து விழுகிறான், தெரிந்ததை மட்டும் சொல்வதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து உண்மை வெளிவரும்போது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஜெரி கோபப்படுகிறான். துரோகம் செய்தவனுக்கே கோபம் வருகிறது. முதல் வாசிப்பில் அது எனக்கு அபத்தமாகப் பட்டது. இரண்டாம் வாசிப்பில் புரிந்தது. அந்த மௌனத்தால் ராபர்ட்டும் ஜெரியை ஏமாற்றியிருக்கிறான்.

ஏன் புரிந்தது என்பதை உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். நம் வகுப்புத் தோழன் ஒருவனின் இல்லறம் முறிந்ததை அறிவாய். யாரென்று எழுதத் தேவையில்லை. அவனை அந்தப் பெண்ணோடு நான் பார்த்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே. யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் சொல்லவில்லை. உனக்குக்கூட எழுதவில்லை. மூன்று தீபாவளிக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய், அவன் மனைவி சுட்ட முறுக்கைத் தின்றுவிட்டு வந்தேன். எல்லாம் வெளியான பிறகு ஒருநாள் தேக்கா சந்தையில் அவர் என்னை நிறுத்தி, "அண்ணே, உங்களுக்கு எப்போதிருந்து தெரியும்?" என்று கேட்டார். அவன்மீது இருந்த கோபம் அந்தக் குரலில் இல்லை. என்மீது வைத்திருந்த மரியாதை உடைந்தது மட்டும் கேட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் இதே நாடகத்தை மீண்டும் வாசிக்கிறோம். அதற்குமுன் அவர் வீட்டுக்குப் போய், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நினைக்கிறேன். இத்தனை நாள் கழித்துப் போவது ஆறிவரும் புண்ணைக் கீறுவதாகிவிடும் என்கிறாள் மீனா. நீ என்ன நினைக்கிறாய்? எனக்காக யோசிக்காமல் அவருக்காக யோசித்து எழுது.

என்றும் உன்,
மாணிக்கம்