பழைய கேமராக்காரர்களின் ஓராண்டு: செயலாளர் அறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, உறுப்பினர்களை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் புதுச்சேரிச் சங்கம் செய்ததையும் செய்யத் தவறியதையும் இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய பாக்கி. சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், அப்பாவை அழைத்துப்போக வந்திருந்த ஒரு தம்பி பின்வரிசையில் எழுந்து, "எல்லாம் சரிங்க சார், ஓடாத கேமராவ வாங்கித் தொடச்சித் தொடச்சி வைக்கறதால என்னங்க பிரயோஜனம்?" என்று கேட்டார். உறுப்பினர் அல்லாதவர் கேள்வி கேட்க விதியில் இடமில்லை என்று தலைவர் தடுத்தார். ஆனால் "அடுத்த ஆண்டறிக்கையில் செயலாளர் பதில் சொல்வார்" என்று யாரோ சொல்லிவைக்க, அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டது. எழுதியவன் நான்தான். ஆகவே இந்த அறிக்கை வழக்கத்தைவிடச் சற்று நீளும். பொறுத்தருள்க.

உறுப்பினர் எண்ணிக்கை 41இலிருந்து 46 ஆகியிருக்கிறது. ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். நெல்லித்தோப்பிலிருந்து வந்துகொண்டிருந்த நம் மூத்த உறுப்பினர் காலமானார். அவர் மேசையில் எப்போதும் பிரிக்காத ஒரு 'இந்து' ஃபிலிம் டப்பா இருக்கும். இந்து என்றால் நிலா. ஊட்டியில் 1960இல் அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் சரக்கு அது. அந்த ஆலைக்குத் தொழில்நுட்பம் கொடுத்தது பிரான்சின் பௌஷே கம்பெனி என்பதால், "பாதி நம்ம ஊரு சரக்குய்யா" என்று டப்பாவைத் தட்டிக் காட்டுவார். ஆலை மூடப்பட்டுவிட்டது, ஃபிலிமும் காலாவதியாகி எத்தனையோ வருடம். ஒருமுறையாவது பிரித்துச் சுட்டுப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, "பிரிச்சா அது வெறும் ஃபிலிமாயிடும்" என்றார். டப்பாவை அவர் மகள் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார். பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறோம்.

செயற்குழு பத்து முறை கூடியது. மாதக்கூட்டம் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு. காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையைச் சுற்றிவிட்டு எல்லாரும் வருவதால், பத்தரைக்கு என்று போட்ட கூட்டம் ஒருநாளும் பதினொன்றரைக்கு முன் தொடங்கியதில்லை. சந்தையில் இந்த ஆண்டு அகப்பட்டது சொற்பம். ஒருகாலத்தில் நம் வீடுகளில் பரணுக்கு ஒன்றாகக் கிடந்த ஆக்ஃபா கிளிக் III இப்போது யானை விலை. வைட் டவுன் கஃபேக்காரர்கள் அலங்காரத்துக்கு வாங்கிப்போகிறார்கள். ஒரு கஃபேயில் யாஷிகா ஒன்றை ஆணி அடித்துச் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்து நம் பொருளாளர் காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். பணம் கொடுத்தாயிற்று, சங்கக் கணக்கில் எழுதவில்லை.

தாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறையை 1839 ஆகஸ்ட் 19 அன்று பிரெஞ்சு அரசு உலகத்துக்குப் பொதுவாக்கியது. அந்த நாளை ஒட்டி ஒரு கண்காட்சி நடத்தினோம். பிள்ளைகள் கேமராவின் முதுகைத் திருப்பிப் படத்தைத் தேடினார்கள். ஒரு ஷட்டர் இதழ் சிக்கிக்கொண்டது. மற்றபடி குறையில்லை.

ஏப்ரல் கூட்டத்தில் லாஸ்பேட்டை உறுப்பினர், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் பற்றிப் பேசினார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்துவிட்டு, அதே மாதம் தன் ஜெர்மன் லைக்கா கேமராவோடு நம் ஊருக்கு வந்து அரவிந்தரையும் அன்னையையும் எடுத்தார். அந்த டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்தார். பேச்சு முடிந்ததும் அரைமணி நேரம் விவாதம், அந்தப் படங்களைப் பற்றியில்லை. அவர் எந்த வீதி வழியாக நடந்திருப்பார் என்று. நம் கூட்டங்கள் இப்படித்தான் போகின்றன.

இனி நவம்பர்.

30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்தது. 2011இல் 'தானே' புயல் வந்தபோது காற்று அடித்துப் போட்டது. இந்த முறை தண்ணீர். ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் இருக்கும் நம் உறுப்பினரின் வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. இரண்டு டிரங்குப் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டார். ஷோகேசில் இருந்த பத்தொன்பது கேமராக்களும் முழுகின. அதில் ஒன்று அவர் அப்பாவின் ஃபோக்கா. உலகப்போர் முடிந்த கையோடு பிரான்சில் செய்யத் தொடங்கிய 35 மி.மீ. கேமரா. அப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, சைகோனில் இருந்தபோது வாங்கியது. எல்லாவற்றிலும் மேலானது என்று கீழ்த்தட்டில், கண்ணாடிக்கு நேராக வைத்திருந்தார்.

நீர் வடிந்த அன்று நாங்கள் ஏழு பேர் போனோம். கரண்ட் வரவில்லை. சேற்றுத் தண்ணீர் உள்ளே காய்ந்துவிட்டால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும் என்பதால், முதல் வேலையாகக் கேன் தண்ணீரில் அலசினோம். கேமராவைக் கழற்றித் தண்ணீரில் அலசுகிறார்களே என்று பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடாததால் பனையோலை விசிறியால் மாற்றி மாற்றி வீசினோம். ஃபோக்காவின் மேல்மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு தேக்கரண்டி வண்டல். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பல்சக்கரம் பல்சக்கரமாகச் சேற்றை எடுத்தவர், முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்த நம் உபதலைவர். அவருக்கு இப்போது கை நடுக்கம். டீ கிளாசை இரண்டு கையாலும்தான் பிடிப்பார். பிரஷ் பிடித்த இரண்டு மணி நேரமும் அந்தக் கை ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை. சொன்னால் ஆடத் தொடங்கிவிடுமோ என்று ஒரு பயம்.

பத்தொன்பதில் எட்டு பிழைத்தன. ஃபோக்கா பிழைக்கவில்லை. ஷட்டரின் துணித்திரை சுருங்கி ஒட்டிக்கொண்டது. புதுத் திரை போட்டுத் தருகிற ஆள் வெளியூரில் இருக்கிறார், செலவைச் சங்கமே ஏற்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். "ஓடணும்னு இல்ல சார். அது இருந்த எடத்துல இருக்கணும்." அதே ஷோகேஸ், அதே கீழ்த்தட்டு. மேல்தட்டுக்காவது மாற்றுங்கள் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார்.

இது சரியா என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். ஓடாத கேமரா பிணம் என்பது ஒரு கட்சி. ஓடுகிறதோ இல்லையோ, தொட்டால் ஆள் ஞாபகம் வருகிறதா என்று பார் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சியில்தான் இருந்தேன். கட்சி மாறியது ஜனவரியில், ஒரு தவறு செய்த பிறகு. அதையும் பதிவு செய்யவேண்டும்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, காலமான தன் கணவரின் கிளிக் IIIஐச் சங்கத்துக்குக் கொடுக்க மஞ்சள் பையில் கொண்டுவந்தார். 120 ரோல் போடுகிற கேமரா. எந்த எண் படத்தில் நிற்கிறோம் என்று ஃபிலிமின் காகித முதுகில் அச்சிட்டிருப்பதைப் பின்பக்கத்துச் சின்னச் சிவப்புச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். சன்னல் அழுக்கேறி இருண்டிருந்தது. துடைத்துப் பார்க்காமல் மூடியைத் திறந்தேன். உள்ளே காகிதம் தெரிந்தது. வெறும் காகிதம்தான் என்று இழுத்தேன். இழுக்க இழுக்க ஃபிலிம் வந்தது. மாடி வெயிலில், அந்த அம்மா எதிரில். இருட்டறையில் எடுத்திருந்தால் ஒன்றிரண்டு படமாவது தேறியிருக்கும்.

எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் பேசினார். "விடுங்க தம்பி. கேமரா எடுத்தாலே என்னை அந்த வேப்பமரத்துல சாஞ்சி நிக்கச் சொல்வாரு. அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" பிறகு மூடியை அவரே சாத்தி, பொத்தானை அமுக்கினார். டிக். இன்னொரு முறை. டிக். "சத்தம் மாறல" என்றார். கேமராவைக் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதமும் வந்தார். இப்போது ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இரண்டு தடவை அமுக்குவாராம், அதன்பிறகுதான் டிவி. நம் பீரோவின் சிலிக்கா ஜெல் பொறுப்பும் அவரிடமே. நீல மணிகள் ரோஸ் நிறமானதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி நீலமாக்கிக் கொண்டுவருகிறார். சமையலுக்கு எடுக்காத தனி வாணலி. வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறோம்.

அந்த ரோலுக்கு நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. ஆனால் தம்பியின் கேள்விக்குப் பதில் தேடியபோதெல்லாம் எனக்கு அந்த 'டிக்'தான் நினைவுக்கு வருகிறது. எனக்கும் அப்படி ஒன்று உண்டு. தூக்கம் பிடிக்காத இரவில் என் யாஷிகாவின் செல்ஃப் டைமரை முறுக்கிவிட்டு, அது ர்ர்ர்ரென்று ஓடி முடிந்து ஷட்டர் விழும்வரை காது கொடுத்துக் கேட்பேன். பத்து வினாடிகூட இராது. பழைய கேமராவில் செல்ஃப் டைமரைத் தொடாதே, சிக்கிக்கொண்டால் ஷட்டரே போய்விடும் என்று புதிய உறுப்பினர்களுக்கு வகுப்பெடுப்பவனும் நானே.

ஆறுதல் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. வேலை போன ஓர் உறுப்பினர் ஒரே மாதத்தில் ஒன்பது கேமரா வாங்கினார். அவர் வீட்டம்மா எனக்குப் போன் செய்து, "அண்ணா, இன்னொண்ணு வீட்டுக்குள்ள வந்தா நான் எங்க அம்மா வீட்டுக்குக் கெளம்பிடுவேன்" என்றார். உறுப்பினரிடம் பேசிப் பார்த்ததில், வாங்குகிற அன்றைக்கு மட்டும்தான் மனசு லேசாகிறது, மறுநாள் அட்டைப்பெட்டியைப் பார்த்தாலே பயம் வருகிறது என்றார். ஏழு கேமராக்களைக் கைமாற்றி விற்றுக் கொடுத்தோம். வைத்துக்கொண்ட இரண்டில் ஒன்று 1965 முதல் ரஷ்யாவில் செய்துவந்த ஜெனிட்-இ. அதன் ஒளிமானிக்கு பேட்டரி வேண்டாம். செலினியம் தகட்டில் வெளிச்சம் பட்டால் முள் தானே அசையும். காலையில் ஜன்னலருகே காட்டி முள் எழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்டர்வியூவுக்குக் கிளம்புவாராம். பிப்ரவரியில் வேலை கிடைத்தது. முள்ளுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்.

அந்த அனுபவத்தில்தான் 'ஒரு மாதக் கைமாற்று' திட்டம் பிறந்தது. ஒன்றை வாங்கத் துடிக்கிறவர் முதலில் சங்க பீரோவிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துப்போய் ஒரு மாதம் வைத்திருக்கலாம். பதினொரு பேர் எடுத்துப்போனார்கள். நால்வர்தான் பிறகு வாங்கினார்கள்.

அரியாங்குப்பம் உறுப்பினரின் தங்க லைக்கா கதை எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகப் பதிகிறேன். லென்ஸைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. லைக்கா என்றால் ஃபோகஸ் நெம்புகோலின் முனையில் சின்ன உருளை இருக்கும். இதில் ஆப்பு வடிவம். சோவியத் கேமராவுக்குத் தங்கமுலாம் பூசி, லைக்கா என்று விற்றிருக்கிறார்கள். இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. பிறகு எங்கோ படித்திருக்கிறார்: ஃபெட் என்ற அந்த வகை, 1934இல் உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற தெருப்பிள்ளைகளுக்காக நடந்த கம்யூனில்தான் முதலில் செய்யப்பட்டது என்று. இவர் விடுதியில் வளர்ந்தவர். இப்போது அது ஒன்றை மட்டும் யார் கையிலும் கொடுப்பதில்லை.

பராமரிப்பு பற்றி ஒரே வேண்டுகோள். ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். நம் கடற்கரை ஊரில் பெரும்பாலான நாள் அதற்கு மேல்தான். தோல் உறை அழகுதான், ஆனால் பூஞ்சைக்கு அது மாமியார் வீடு. உறையைத் தனியாக வையுங்கள், கேமராவைத் தனியாக வையுங்கள். போன ஆண்டும் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

வரவு 38,600 ரூபாய். செலவு 41,150. பற்றாக்குறை 2,550ஐப் பொருளாளர் கையிலிருந்து போட்டிருக்கிறார். விவரம் அவர் வாசிப்பார்.

இன்றைய பொதுக்குழுவின் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் விதிமுறையில் நோக்கம் என்ற இடத்தில் "பழைய கேமராக்களைச் சேகரித்தலும் பாதுகாத்தலும்" என்று மட்டும் இருக்கிறது. அதோடு "அவற்றால் உறுப்பினர்கள் பெறும் ஆறுதலும்" என்று சேர்க்கவேண்டும் என முன்மொழிந்திருப்பவர் உபதலைவர். வக்கீல் உறுப்பினர், பதிவாளர் ஆபீசில் சிரிப்பார்கள் என்கிறார். சிரிக்கட்டும் என்பது என் கருத்து. ஓட்டெடுப்பு டீக்குப் பிறகு.

கடைசியாக, கைமாற்று பீரோவில் இப்போது மூன்று கிளிக் III இருக்கின்றன. எதை எடுத்துப்போனாலும் பின்பக்கத்துச் சிவப்புச் சன்னலைத் துடைத்து, எண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறக்கவும். தெரிந்தால் திறக்கவேண்டாம். எனக்குப் போன் செய்யுங்கள்.

இவண்,
செயலாளர்