கோல் கம்பத் தொகுதியின் பழுது: முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து பயில்வதற்கென்று தாங்கள் விற்கும், நான்கு கம்பங்களும் பின்வலையும் கொண்ட கோல் தொகுதியை, பருவம் தொடங்கும் மார்ச் மாதத்தில் என் மகனுக்காக வாங்கினேன். பூட்டி நிறுத்திய அந்த வார இறுதியிலேயே உயரமான கம்பங்களுள் ஒன்று நடு இணைப்பில் விரிசல் கண்டு, மடிந்து, வேலியின் மீது சாய்ந்தது. எந்த இணைப்பு என்று விளக்கத் தேவையில்லை. அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் வளையத்தைப் பற்றி நான் பேச்செடுத்தாலே, மீதியைத் தங்கள் ஊழியர்களே சொல்லி முடிக்கிறார்கள்.

தொலைபேசியில் அழைத்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பினால் படம் கேட்கிறார்கள். படமும் அனுப்பினால் புதிய புகார் எண் ஒன்றைத் தந்து, பழைய எண் இனிச் செல்லாது என்கிறார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மாலை நேரத்தில் பேசிய அந்த ஊழியரின் பதிலைத்தான் பொறுக்க முடியவில்லை. பந்து பட்டதால் உண்டான சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றார் அவர். பந்து உதைப்பதற்கென்றே விற்கப்படும் கம்பத்தில் பந்து படாமல் வேறு என்ன படும்? 5ஆம் அளவுத் தோல் பந்துக்கும் ஏற்றது என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். என் மகன் உதைத்ததோ சிறுவர்களுக்கான 3ஆம் அளவுப் பந்து. இதை எடுத்துச் சொன்னதும், "பையனை மெதுவாக உதைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சிரித்தபடி இணைப்பைத் துண்டித்தார்.

பந்தை நிமிர்த்திப் பிடித்துக் கைவிட்டு, அது தரையைத் தொடுமுன் கீழ்முனையில் உதைத்துப் பின்னோக்கிச் சுழலவிடும் டிராப் பன்ட் உதையை மெதுவாக உதைத்துப் பழக முடியாது என்பது, இந்த ஆட்டத்துக்கான பொருள்களை விற்கும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. திடலில் கம்பத்துக்குக் கம்பம் 6.4 மீட்டர் இடைவெளி. அதற்குக் குறிபார்க்க வீட்டில் குறுகலான கம்பங்களிடையே பழகுங்கள் என்பதுதானே தங்கள் விளம்பரம்! கம்பமே நிற்காத இடத்தில், நடுக் கம்பங்களிடையே போகும் 6 புள்ளி கோலும், அவற்றுக்குப் பக்கத்து இடைவெளியில் போகும் 1 புள்ளி பிஹைண்டும் ஒன்றுதான்.

டாண்டினோங் சவுத் கிடங்குக்கு நேரில் கொண்டுவந்தால் அன்றே மாற்றித் தருவதாக அதே ஊழியர் அதற்கு முன்பு உறுதி கூறியிருந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். விடுப்பு எடுத்து, கம்பங்களைக் காரின் மேல் கட்டிக்கொண்டு, மொனாஷ் ஃப்ரீவே நெரிசலில் மழையோடு போய்ச் சேர்ந்தால், பொருள்களைத் திரும்பப் பெறும் வழக்கமே அங்கு இல்லை என்று வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

தங்களால் என் மகனின் ஆட்ட எதிர்காலமே பாழாகிவிட்டது. பந்தை ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியால் செங்கல் சுவரில் ஹேண்ட்பால் குத்துவதைத் தவிர அவனுக்கு வேறு பயிற்சி இல்லை. இடக்கால் உதை அடியோடு போய்விட்டது. வலையில்லாமல் பறக்கும் பந்து அண்டை வீட்டுத் தக்காளிப் பாத்தியில் விழாத நாளில்லை. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று யார் கண்டது? அவர்கள் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

தங்கள் நிறுவனத்தின்மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஏதுமில்லை. எனினும், 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, விற்ற பொருளில் பெருங்குறை இருந்தால் பணமா, மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு என்பதையும், தயாரிப்பாளரிடம் போங்கள் என்று விற்பவர் தட்டிக்கழிக்க இயலாது என்பதையும், இத்தகைய பருமனான பொருளைத் திரும்ப எடுத்துச்செல்லும் செலவும் விற்பவரையே சேரும் என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன். 14 நாட்களுக்குள் முழுத் தொகையையும் செலுத்தி, கம்பங்களை எடுத்துச்செல்ல வண்டியும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். தவறினால் விக்டோரியா மாநில நுகர்வோர் விவகாரத் துறையிடம் முறையிடுவதோடு, மாநிலத் தீர்ப்பாயத்தில் வழக்கும் தொடுப்பேன்.

மாற்றுத் தொகுதி வேண்டாம். அதிலும் அதே வளையம்தான் இருக்கும். பதிலை எழுத்து மூலம் அனுப்புங்கள். அந்த ஊழியரைக் கொண்டு மட்டும் என்னை அழைக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
மெல்பேர்ன்