அந்த முதல் 'டா' எப்போது வர வேண்டும்?

வடபழனி, சாலிகிராமம் பக்கம் உட்கார்ந்து வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிற எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் அப்பாவோடு ஒரு சூப்பர் ஹீரோ தொடரைத் தமிழில் பார்த்தேன். பேர் வேண்டாம். ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காத இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் கதை, ஆனால் முதல் காட்சியிலேயே "வாடா மச்சி", "போடா டேய்". பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அப்பா பத்தே நிமிஷத்தில் கேட்டார்: "இவனுங்கதான் ஏற்கெனவே ஃப்ரெண்ட்ஸ் ஆச்சே, அப்புறம் எதுக்கு இந்த முறைப்பு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நமக்கு அப்படியா? 2021 மார்ச்சில் தொடங்கிய 'தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் ஆறே பாகம். விண்டர் சோல்ஜரான பக்கி பல வருஷம் உறையவைக்கப்பட்டிருந்தவன், அதனால் வயது 106, முகத்துக்கு முப்பது சொச்சம். ஃபால்கனான சாம் அவனை எப்படிக் கூப்பிடுவான்? இரண்டாவது பாகத்தில் மனநல மருத்துவர் இருவரையும் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்காரவைக்கிறார். கேப்டன் அமெரிக்காவாக இருந்த ஸ்டீவ் உன்னிடம் கொடுத்த கேடயத்தை ஏன் விட்டுக்கொடுத்தாய், ஸ்டீவ் உன்னைத் தப்பாக எடைபோட்டிருந்தால் என்னையும் தப்பாகத்தானே எடைபோட்டிருப்பான் என்று பக்கி வெடிக்கிறான். அங்கே 'டா' வந்தால் அது கோபத்தின் 'டா'. ஐந்தாவது பாகத்தில், லூசியானாவில், பக்கி, சாம் வீட்டுப் பழைய படகைச் சரிசெய்யக் கூடமாட நிற்கிறான், அவர்கள் வீட்டு சோபாவிலேயே தூங்குகிறான், அப்புறம் இருவரும் மரங்களுக்கு நடுவே கேடயம் வீசிப் பழகும்போது, ஒரு கறுப்பின மனிதனிடம் அதைக் கொடுத்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்பது தனக்கும் ஸ்டீவுக்கும் புரியவே இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். நட்பின் முதல் 'டா' அதற்கப்புறம்தான் வர முடியும்.

அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருந்தவர். கூட ஒரே ஷிப்டில் நின்றவரோடு நாலு வருஷம் 'நீங்க, வாங்க'தான், அதுவும் முகம் கொடுக்காமல். ஒரு நாள் இரும்புச் சுருள் அப்பாவின் விரலைக் கிழித்தபோது அவர் ஓடிவந்து கையைப் பிடித்திழுத்து "காட்டுய்யா" என்றாராம். அந்த 'ய்யா'வை அப்பா இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக்காட்டுவார்.

உதடசைவுக்குள் வசனத்தை அடக்குவது லேசான வேலை இல்லை என்று தெரியும். வாய் மூடுகிற இடத்தில் ப, ம விழ வேண்டும், 'நீ' அடங்குகிற இடத்தில் 'நீங்க' அடங்காது. சரி, அப்படிப்பட்ட இடத்தில் பேரைச் சொல்லட்டும். இல்லையென்றால் "சாப்பிட்டாச்சா?", "கிளம்பலாமா?" என்று மொட்டையாகக் கேட்கட்டும். இன்னும் ஒட்டாத இரண்டு பேர் நம் ஊரில் அப்படித்தானே பேசிக்கொள்கிறார்கள்!

அடுத்த தொடர் கைக்கு வந்ததும் முழுசாக ஒரு தடவை பார்த்துவிட்டு, முதல் 'டா' எந்தக் காட்சியில் என்று ஸ்கிரிப்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வருகிற நட்பு 'டா' அத்தனையையும் அடித்துவிடுங்கள். அதையும் நான் அப்பாவோடுதான் பார்ப்பேன்.