பதினாலா, நாற்பதா?

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி பக்கமே போகாதே. மகள் கல்யாணத்துக்குள் ஓடவே ஆரம்பித்துவிடுவாய். இங்கே பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. பையன் வேலை மாற்றிக்கொண்டு மெல்பர்ன் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இவளுக்கோ இரண்டு பேருக்குச் சமைக்கக் கை வரவில்லை. நாலு பேருக்கு வடித்துவிட்டு மறுநாளும் அதையே சாப்பிடுகிறோம். அதனால் சனிக்கிழமை ராத்திரி வெளியே சாப்பாடு என்று முடிவாகிவிட்டது.

அதை விடு. உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக் கூட்டத்தைப் பார்த்து, "பின்னால் நாலு பேர் நின்றால் எனக்குச் சோறு இறங்காது" என்று திரும்பிவிட்டாய். எதிரே ஆளில்லாத கடையில் சாப்பிட்டாய். அது வாயில் வைக்க விளங்கவில்லை என்று எனக்கு எழுதுகிறாய். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது, மெஸ்ஸில் எவன் மோருக்கு வந்துவிட்டான் என்று நோட்டம் பார்த்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறவன் யார்? நானா?

நாங்கள் போகிற டம்ப்ளிங் கடைக்கு உன்னை ஒருநாள் கூட்டிப் போக வேண்டும். டம்ப்ளிங் என்றால் மாவுக்குள் கறி வைத்து மடித்து வேகவைக்கிற சீனக் கொழுக்கட்டை. சைனாடவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. 1827-ல் கூரைக் கோயிலாகத் தொடங்கிய நம் மாரியம்மன் கோயில் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, சவுத் பிரிட்ஜ் ரோட்டில். பக்கத்தில் பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட் என்று இரண்டு தெரு. சீனர் தெருவில் பகோடா என்றதும் புத்தர் கோயில் என்றுதான் நானும் பல வருஷம் நினைத்தேன். நம் கோபுரத்தைப் பார்த்து வைத்த பெயராம். போகும்போது எதிர்ப்பக்கம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். பன்றிக்கறி தின்னப் போகிற அன்றைக்கு உள்ளே வரக்கூடாது என்பது வீட்டு உத்தரவு.

கடையில் மொத்தம் பதினோரு மேஜைதான். வாசலில் நம்பர்ச் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் தடவை எனக்குக் கிடைத்தது 40. உள்ளிருந்து ஒரு அம்மா நம்பரைச் சீன மொழியில் கத்துவார். நான்தான் பத்து வரைக்கும் கற்றுவைத்திருக்கிறேனே, பயமில்லை என்று நின்றேன். நாலு என்றால் 'ஸு', பத்து என்றால் 'ஷி'. அவர் 'ஷி-ஸு' என்றாரா 'ஸு-ஷி' என்றாரா? முன்னது பதினாலு, பின்னது நாற்பது. நான் விறுவிறு என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே குழந்தையும் குட்டியுமாகப் பதினாலாம் நம்பர் குடும்பம் வந்து நிற்கிறது! கடையே சிரித்தது. சீனர்களே நாக்குப் பிறழ விளையாடுகிற எண்கள் இவை என்று பிறகு தெரிந்தது. இப்போது சீட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்த அம்மாவே கூப்பிட்டுவிடுகிறார்.

இது வடகிழக்குச் சீனத்து ஆட்கள் நடத்துகிற கடை. சிங்கப்பூர்ச் சீனர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன்கள் ஃபூஜியன், குவாங்டோங் என்று தெற்கிலிருந்து வந்தவர்கள். ஆக, இங்குள்ள சீனர்களுக்கே இது வெளியூர்ச் சாப்பாடுதான், நமக்குப் பஞ்சாபி தாபா மாதிரி. வடசீனாவில் புத்தாண்டு ராத்திரி வீடே கூடி உட்கார்ந்து டம்ப்ளிங் மடிப்பார்கள். ஜியாவ்சி என்று பெயர். அந்தக் காலத்து வெள்ளிக்கட்டி வடிவம் என்பதால் வீட்டுக்குக் காசு வரும் என்று நம்பிக்கை.

நீ பார்க்க வேண்டியது கண்ணாடிக்குப் பின்னால் நடக்கிற வேலையை. ஒருவர் மாவைக் கயிறாகத் திரித்து, சின்னச் சின்னதாக அறுத்து, உள்ளங்கையால் தட்டுகிறார். அடுத்தவர் ஒரு சாண் உருளைக்கட்டையை வலது கையால் உருட்டிக்கொண்டே இடது கையால் வட்டத்தைத் திருப்புகிறார். கட்டை நடுவரை போவதில்லை. ஓரம் மெலிசாகவும் நடு தடிப்பாகவும் நிற்கிறது. மடித்தால் ஓரம் இரண்டு மடங்காகிவிடும், அதனால் அது மெலிசாக இருக்க வேண்டும். பூரணத்தைத் தாங்குவது நடு, அதனால் அங்கே தடிப்பு. மூன்றாவது ஆள் கறியை வைத்து, இரண்டு கையாலும் ஒரே அமுக்கு. மூன்று எண்ணுவதற்குள் ஒரு குட்டிச் சோமாஸ் தட்டில் விழுகிறது. உங்கள் ஊர் சந்திரகலா மாதிரி ஓரம் சுற்றி அலங்கரிக்க இங்கே நேரமில்லை.

மாப்ளே, நான் சொல்ல வந்தது இதைத்தான். அந்தத் தட்டு காத்திருக்காது. பூரணத்தில் ஈரம் இருக்கிறது. அரைமணி விட்டால் அடிப்பக்கம் நனைந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் கிழியும். மேல்பக்கம் காய்ந்து வேகவே வேகாது. கூட்டம் இருக்கிற கடையில் மடித்த கையோடு கொதிதண்ணீருக்குப் போய்விடும். மிதந்து வந்ததும் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மறுபடி கொதித்தால் மறுபடி ஊற்றுகிறார்கள், இப்படி மூன்று தடவை. தோல் வெடிக்காமல் உள்ளே கறி வெந்துவிடும். ஆளில்லாத கடையில் நேற்று மடித்து ஃபிரீசரில் போட்டது வரும். உன் திண்டுக்கல் கதையும் இதுதான். பின்னால் நாலு பேர் நிற்பதால்தான் உன் தட்டில் சூடு இருக்கிறது!

மேஜையைத் தெரியாத ஆட்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நேற்று எங்களோடு அந்த வடகிழக்குச் சீனத்து ஹார்பின் ஊர்ப் பையன் ஒருவன் உட்கார்ந்தான், இங்கே படிக்க வந்தவன். தனி ஆளாக முப்பது சாப்பிட்டான். நான் சோயாவில் தோய்ப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், கருப்பு வினிகரும் மிளகாய் எண்ணெயும் அவனே கலந்து தந்தான். அப்புறம் ஒரு பச்சைப் பூண்டை உரித்து நீட்டினான். ஒரு டம்ப்ளிங், ஒரு கடி பூண்டு. காது வழியாகப் புகை வந்தது, ஆனால் கொழுப்பை அது வெட்டிவிடுகிறது. கடைசியில் டம்ப்ளிங் வெந்த தண்ணீரையே கிண்ணத்தில் வாங்கிக் குடித்தான், செரிக்கும் என்றான். நம் வடிகஞ்சியேதான். இவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, உப்பு மட்டும் கேட்டாள்.

கொழுக்கட்டைக்குள் சூப்பை எப்படி ஊற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நீ வீடியோவில் பார்த்தது சியாவ் லோங் பாவ், அது ஷாங்காய்ப் பக்கத்துச் சரக்கு. ஊற்றுவதே இல்லை. பன்றித்தோலை வேகவைத்த சாறு ஆறினால், நம் ஆட்டுக்கால் பாயா ஃபிரிட்ஜில் உறைவது போல உறையும். அதை நறுக்கிக் கறியோடு பிசைந்து மடிக்கிறார்கள், ஆவியில் உருகிச் சூப்பாகிவிடுகிறது. ஒரு பெரிய ரெஸ்டாரண்டில் இதை முழுசாக வாயில் போட்டு மேலண்ணத்தைச் சுட்டுக்கொண்டேன், அது என் தப்பு. கேட்காமலே கொண்டுவந்து வைத்த வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் பில் போட்டார்களே, அது யார் தப்பு?

இந்தக் கடையில் அந்த வம்பில்லை. பத்து டம்ப்ளிங் எட்டு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ரூபாயில் மாற்றிப் பார்க்காதே. உனக்கு முட்டையும், பூண்டு வாசனை அடிக்கிற குச்சாய்க் கீரையும் வைத்தது இருக்கிறது, பயப்படாமல் வரலாம். கல்யாணம் முடிந்து பங்குனியில் வா. தை, மாசியில் சீனப் புத்தாண்டு வரும், கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள்.

நம்பர் கூப்பிடுகிற அம்மாவிடம் நேற்று போனில் சந்திரகலா படம் காட்டினேன். ஓரத்து மடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். உள்ளே என்ன கறி என்று கேட்டார். கறி இல்லை, இனிப்பு என்றதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வரும்போது அரை கிலோ வாங்கி வா, கையில் கொடுத்துப் பார்ப்போம்.

உன்
பழைய அறைத்தோழன்